தேதி சொல்லிவிட்டு வா

கண்ணு, இதை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். கன்னட மீடியத்தில் படித்த பிள்ளை நீ. உனக்கு வந்த தமிழ் எழுத்தெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் நான் எழுதிக் காட்டியவைதான். நீளமான சொல் வந்தால் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அப்புறம் மேலே போவாய். நின்றே போ, ஒன்றும் அவசரமில்லை. ஒரு பக்கத்தை நீ எவ்வளவு நேரம் படிக்கிறாயோ அவ்வளவு நேரம் எங்களோடு உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் நினைத்துக்கொள்வேன். அதற்காகவே இதைக் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன். ஜெர்மனியில் உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், இருக்கட்டும்.

நம் ஊர்த் தமிழர்கள் கூடி வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள் அல்லவா, அதற்கு ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இந்தத் தடவை கேட்டார்கள். பக்கத்து வீதி நண்பர் காசிக்குப் போய் வந்ததைப் பற்றி எழுதுகிறாராம். நான் என் மகளுக்குத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். "அத எதுக்குங்க ஊரே படிக்கற மாதிரி? போன்லயே சொல்லிக்கலாமல்லங்க" என்றாள் உன் அம்மா. போனில் சொன்னால் என்ன ஆகிறது என்று அவளுக்கும் தெரியும். வாட்ஸ்அப்பில் நான் எதை எழுதினாலும் நீ ஒரு மஞ்சள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். வீடியோவில் கேட்டால் சிரிக்கிறாய். அச்சில் வந்துவிட்டால், என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னங்க, பொண்ணு பதில் சொல்லுச்சுங்களா?" என்று கேட்பார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்தாவது நீ பதில் சொல்வாய். கேள்வி ஒன்றே ஒன்றுதான். நீ வீட்டுக்கு எப்போது வருகிறாய்? எனக்குத் தேதி வேண்டும். "சொல்லாம வந்து நிப்பேன்ப்பா" என்கிற கதையெல்லாம் இனி வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதைச் சொல்வதற்கு நான் அந்தப் பழைய பஸ் ஸ்டாப்பிலிருந்து தொடங்க வேண்டும். ஹெப்பாளில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்குச் சனிக்கிழமை அரை நாள். மத்தியானம் கம்பெனி பஸ் இரண்டு நடை வரும். அடுத்த ஷிப்ட்காரர் நேரத்துக்கு வந்து மெஷினை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டால் முதல் நடையில் ஏறிவிடுவேன். அவர் பிந்திவிட்டால் இரண்டாம் நடைதான், வந்து இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முதல் நடையில் வந்த சனிக்கிழமைகளில் நாம் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகமாட்டோம். எதிர்ப்பக்கம் போய் டவுன் பஸ் ஏறிவிடுவோம். ஒரு வாரம் மசால்தோசை. ஒரு வாரம் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்துவிட்டு, பேப்பர் கூம்பில் பொரியும் மாங்காயும் காரமுமாகக் கலந்து தருகிற சுர்முரி. ஒரு தடவை ஒன்றுமே இல்லாமல் ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சாமராஜநகர் வண்டி கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். அதற்கும் நீ வழியெல்லாம் குதித்துக்கொண்டுதான் வந்தாய்.

ஏழாம் வகுப்பில் தொடங்கியது அது. பள்ளிக்கூடத்துச் சீருடையைக்கூட மாற்றாமல் தெருமுனைப் புங்க மரத்தடியில், அந்த உடைந்த சிமெண்ட் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவாய். முதல் பஸ் வரும். நான் அதில் இல்லையென்றால் ஒவ்வொரு ஜன்னலாகத் தேடுவாயாம். டிரைவர் "நிம்மப்பா ஹிந்தே பர்தாரே" என்று, அப்பா பின்னால் வருகிறார் என்று, கத்திவிட்டுப் போவாராம். மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது பஸ்ஸுக்குக் காத்திருப்பாய், அதில் வந்தால் ஒரு சுகமும் இல்லை என்று தெரிந்தும். "ஏங்கண்ணு அந்த வெயில்ல போயி நிக்கற? எறங்கினா ஊட்டுக்குத்தான வரப்போறாரு?" என்பாள் அம்மா. "இன்னிக்கி மொதல் பஸ்லயே வருவாரும்மா, பாரேன்" என்பாய் நீ. வரிசையாக நாலைந்து வாரம் நான் ஏமாற்றினாலும் அதே பேச்சுத்தான். ஏமாந்த வாரங்களுக்கு அப்புறம் இன்னும் சீக்கிரமாகவே போய் நின்றாய் என்று அம்மா சொல்வாள்.

உன் அம்மாவின் வழி வேறு. அவள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுவாள். கணக்கில் வகுப்பிலேயே முதலாக வந்தால் சைக்கிள் என்றாள். வந்தாய், சைக்கிளும் வந்தது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதை மாடிப்படிக்கு அடியில் தள்ளினாய். கணக்குப் புத்தகம் பரண் ஏறியது. அடுத்த பரீட்சைக்கு அம்மா வாயைத் திறக்கும் முன்பே, "இந்தத் தடவ என்ன தருவ, மொதல்ல அதச் சொல்லு" என்று நீ பேரத்துக்கு உட்கார்ந்துவிட்டாய். நான் கூடத்தில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தேன், அதற்கு எனக்கும் சேர்த்துக் கிடைத்தது.

ஆனால் அந்த ஏரிக்கரையை நினைத்துப் பார். ஒரு சனிக்கிழமை கொளுத்துகிற வெயில். தண்ணீருக்கு நடுவில் பட்ட மரத்தில் ஒரு கூழைக்கடாப் பறவை வாயைத் திறந்தபடி, தாடைப் பையைப் படபடவென்று ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "ஏம்ப்பா அது வாய மூடவே மாட்டேங்குது?" என்று கேட்டாய். எனக்கு என்ன தெரியும்? லேத் மெஷினைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "தெரியாது கண்ணு, நீ கண்டுபுடிச்சுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நான் மறந்தே போனேன். நீ மறக்கவில்லை. பள்ளிக்கூட லைப்ரரியில் தேடி, டீச்சரைப் பிடித்துக் குடைந்து, அடுத்த தடவை நான் முதல் பஸ்ஸில் இறங்கியதும் மூச்சுவிடாமல் சொன்னாய்: "பறவைக்கு வேர்க்காதுப்பா! அப்படி ஆட்டி ஆட்டித்தான் அது சூட்ட வெளிய தள்ளுது!" எனக்கு வந்த சந்தோஷத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் உனக்கு இரண்டாவது சுர்முரி வாங்கிக் கொடுத்தேன். நீ அதை வாயில் போட்டுக்கொண்டே அடுத்த கேள்வியைத் தேடி ஏரியைப் பார்த்தாய். அப்புறம் நீ தேடுவதை நிறுத்தவே இல்லை. உயிரியல் என்றாய், பெங்களூரு என்றாய், மூளை என்றாய், கடைசியில் ஜெர்மனி என்றாய். "நீங்க வாங்கிக் குடுத்த அந்த ரெண்டாவது பொட்டலந்தான் என்ற புள்ளைய அத்தன தூரம் ஏத்தி உட்டுருச்சு" என்று உன் அம்மா இன்றைக்கும் என்னைத் திட்டுகிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

திட்டினால் மட்டும் உன்னிடம் எதுவும் ஏறாது. இந்தியில் நீ தோற்று வந்த அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் வந்து கேட்டைத் தட்டினார். இனிமேல் சனிக்கிழமை ஊர் சுற்றல் கிடையாது என்று வேறு சொல்லிவைத்தேன். நீ அதிலிருந்து ஒன்றே ஒன்று கற்றுக்கொண்டாய்: அடுத்த விடைத்தாளை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைக்க. இந்தி இன்று வரைக்கும் உனக்கு வரவில்லை. ஜெர்மன் வந்துவிட்டது!

இதெல்லாம் உன் படிப்பில் ஒரு பாடம் என்பது போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. உனக்கு மதிய இடைவேளை, எங்களுக்குச் சாயங்காலக் காபி. போனை எதன்மேலோ சாய்த்துவைத்துவிட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டே பேசினாய். உன் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வரைக்கும் பிள்ளைகள் வருகிறார்கள், கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள், பரிசு வரும்போது அவர்கள் மூளை என்ன செய்கிறது என்று நீங்கள் பார்க்கிறீர்கள் என்றாய். "அந்த வயசுல கெடைக்கறதுலருந்துதான் மூளை வேகமாக் கத்துக்குதுப்பா. திட்டு வாங்கறதுலருந்து அவ்வளவாக் கத்துக்கறதில்ல. எல்லாப் புள்ளைங்களும் ஒரே மாதிரி கெடையாது, நாங்களும் இன்னும் தேடிட்டுத்தான் இருக்கோம். ஆனா ஒண்ணு. எதிர்பாத்தது அப்படியே கெடைச்சா மூளை பேசாம இருக்கும். எதிர்பாக்காதது வந்தா ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளல்லதான் பாடம் பதியுது."

சொல்லிவிட்டு ரொட்டியைக் கீழே வைத்தாய். "நீங்க மொதல் பஸ்ல வருவீங்களா மாட்டீங்களான்னு நான் நின்னேனே, அதுதான்ப்பா இது. எங்க மாணவர்களுக்கு முதல் வகுப்புல உங்களப் பத்தித்தான் சொல்றேன்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே லேசாக ஒரு கோபமும் வந்தது. "அப்போ நான் உன்ன வெச்சு சோதனையா பண்ணிட்டிருந்தேன்? ஆள் மாத்த வர்றவர் லேட்டா வந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டேன். "சும்னிரப்பா" என்று சிரித்தாய். நீ தமிழில் என்னை "நீங்க" என்றுதான் சொல்வாய், உன் அம்மா பழக்கிய மரியாதை. செல்லம் வந்துவிட்டால் கன்னடத்துக்குத் தாவி, சும்மா இருடா என்கிற மாதிரி ஒருமையில் அதட்டுவாய். இந்த வயதில் என்னை அதட்ட உன்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? அந்த ஒரு சொல்லுக்காகவே நான் உன்னிடம் வேண்டுமென்று ஏடாகூடமாகப் பேசுகிறேன் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ.

அப்புறம் அந்த விளையாட்டை எனக்கும் அனுப்பிவைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? "சும்மா ஆடிப் பாருங்கப்பா" என்றாய். திரையில் ஒரு நீலப் பெட்டி, ஒரு ஆரஞ்சுப் பெட்டி. தொட்டால் சில சமயம் நட்சத்திரம் வரும், சில சமயம் வெறுமனே இருக்கும். கொஞ்ச நேரத்திலேயே சங்கதி எனக்குப் பிடிபட்டுவிட்டது. நீலத்தில்தான் அடிக்கடி வருகிறது. அம்மாவைக்கூடக் கூப்பிட்டு, "பாத்தியா புள்ள, உம் மகளோட வித்தைய நான் கண்டுபுடிச்சுட்டேன்" என்று பீற்றிக்கொண்டேன். நீலத்தையே அமுக்கிக்கொண்டிருந்தேன். நட்சத்திரம் குறைந்தது. பரவாயில்லை, அடுத்ததில் வரும் என்று அமுக்கினேன். அதுவும் வெறும் பெட்டி. முன்பு வந்ததல்லவா, வராமல் எங்கே போகும் என்று விடாமல் அமுக்கினேன். நீ அங்கே விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்பா! அது எப்பவோ மாறிடுச்சுப்பா. இப்ப ஆரஞ்சுலதான் வருது. என்கிட்ட வர்ற பசங்க நெறையப் பேரு இத டக்குனு புடிச்சுருவாங்க, நீங்க இன்னும் நீலத்தையே அமுக்கிட்டிருக்கீங்க!"

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உன்னிடம் ஒன்று கேட்டேன். "கண்ணு, நீ நட்சத்திரமே வெக்காம நிறுத்திட்டா அந்தப் புள்ளைங்க எப்ப எந்திரிச்சுப் போவாங்க?" நீ சொன்னாய்: "அது முன்னாடி எப்படிக் கெடைச்சதுங்கறதப் பொறுத்துப்பா. ஒவ்வொரு தடவையும் தவறாமக் கெடைச்சிட்டிருந்துச்சுன்னா, நின்ன ஒடனே தெரிஞ்சுரும், போயிருவாங்க. எப்பவாச்சும்தான் கெடைச்சதுன்னா ரொம்ப நேரம் உக்காந்திருப்பாங்க. அடுத்ததுல வரும், அடுத்ததுல வரும்னு." சரி கண்ணு, நீ சாப்பிடு என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் வாசலுக்குப் போய்விட்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனதாக அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். அன்று நான் தண்ணீர் ஊற்றவில்லை. நீ சொன்ன அந்தப் பிள்ளைகளில் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

யோசித்துப் பார். பெங்களூருவுக்குப் படிக்கப் போன பிறகு நீ ஒரு தடவையாவது சொல்லிவிட்டு வந்திருக்கிறாயா? திடீரென்று ஒரு சனிக்கிழமை நான் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினால், தோளில் பையோடு அதே சிமெண்ட் பெஞ்சில் நீ உட்கார்ந்திருப்பாய். "யாருக்காக வெயிட் பண்றீங்க மேடம்?" என்பேன் நான். "எங்கப்பா வருவாரு, மசால்தோசை வாங்கித் தருவாரு" என்பாய். வீட்டுக்குப் போனால் அம்மா கத்துவாள்: "ஒரு போனப் போட்டு வந்தா ஒரு நல்ல கொழம்பு வெச்சிருக்க மாட்டனா? ஒறம்பற சனம் ஊட்டுக்கு வர்றாப்புல வந்து நிக்கற!" கத்திக்கொண்டே அடுப்பைப் பற்றவைப்பாள், முகமெல்லாம் பல்லாக இருக்கும். நீ வராத சனிக்கிழமைகளிலும் பஸ் திரும்பும்போதே நான் ஜன்னல் வழியாக அந்தப் பெஞ்சைத்தான் பார்ப்பேன். ரிட்டையர் ஆகிற வரைக்கும் பார்த்தேன். ஜெர்மனி போனபிறகும் ஒரு தடவை அதே வித்தையைக் காட்டினாய். மணி அடித்தது, பால்காரர் என்று அம்மா பாத்திரத்தோடு கதவைத் திறந்தாள், பாத்திரம் கீழே விழுந்து உருண்டோடியது. நீ நின்றுகொண்டிருந்தாய். அந்த ஒரு காலைப்பொழுதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் நீலப் பெட்டியை அமுக்கிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நம் வீட்டுக் காலிங் பெல் எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்கிறேன். அது அடித்தால் உன் அம்மா முதலில் கண்ணாடிக்குப் போகிறாள். தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, "ஏனுங்க, புள்ளயாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே நடக்க முடியாமல் நடந்து வருகிறாள். கேஸ் சிலிண்டர் போடுகிற பையன், "ஏன் அஜ்ஜி, நன்ன நோடி இஷ்டொந்து நகு?" என்று, என்னைப் பார்த்து ஏன் பாட்டி இவ்வளவு சிரிப்பு என்று, ஒரு நாள் கேட்டே விட்டான். சனிக்கிழமை தோறும் உனக்கும் சேர்த்து ஒரு பிடி அரிசி கூடப் போடுகிறாள். அது ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புளிச்சோறாக வருகிறது. ஹனூரில் உன் மாமன் மகன் கல்யாணத்துக்கு நாங்கள் சேர்ந்து போகவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போன நேரத்தில் நீ வந்துவிட்டால்? அம்மா மட்டும் கொள்ளேகால் பஸ்ஸைப் பிடித்துப் போய்த் தாலி கட்டியதும் திரும்பிவிட்டாள், நான் இங்கே வீட்டுக்குக் காவல். அந்த ஊர் நோம்பித் திருவிழாவுக்கும் அப்படித்தான். "என்ன மச்சான், வீட்ல பொதையலா காக்கறீங்க?" என்று உன் மாமன் போனில் கேலி செய்கிறான். புதையல் வருகிறது என்று எப்படிச் சொல்வது? வருமா என்று எனக்கே தெரியவில்லையே.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அம்மாவின் முட்டி அப்படியில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சத்தியத்தை மீறித்தான் இதை எழுதுகிறேன், அச்சில் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவாள், திட்டட்டும். வலது முட்டி தேய்ந்துபோய்விட்டது கண்ணு. மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறாள். வீடியோவில் உன்னோடு பேசும்போது எப்போதும் நாற்காலியிலேயே இருக்கிறாளே, நீ கவனித்தாயா? ஆபரேஷன் செய்துவிட்டால் நன்றாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்தபிறகு கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து பழக வேண்டும், சமையலறையில் நிற்கக் கூடாது. அங்கேதான் சிக்கிக்கொண்டோம். "புள்ள வந்து வாசல்ல நிக்கறப்ப நான் கட்டில்ல கெடக்கறதுங்களா? அவ கைக்கு ஒரு காபி போட்டுக் குடுக்க முடியாம? அவ வந்துட்டுப் போவட்டுமுங்க, அப்பறம் பாத்துக்கலாம்." இதைத்தான் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் நாள் கொடுப்பார்கள், ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போடுவாள்.

போன மாதமும் போனோம். கவுண்டரில் இருந்த நர்ஸம்மா தசராவுக்கு அப்புறம் ஒரு நாளைச் சொல்லி எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். உன் அம்மா வழக்கம்போல, "பேடம்மா, மகளு பர்தாளெ" என்றாள். வேண்டாம்மா, மகள் வருகிறாள் என்று. அந்தப் பெண் நல்ல பெண். முகம் மலர்ந்து, "ஹௌதா! யாவாக?" என்று கேட்டாள். அப்படியா, எப்போது என்று. வேறொன்றும் கேட்கவில்லை. உன் அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தேன். அவள் சும்மா ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்ததும், "அவளுக்கு அங்க என்ன வேலையோ, பாவம்" என்று உனக்காகப் பரிந்து பேசினாள். நான் ஒன்றுமே சொல்லாதபோது.

நீ ஏன் தேதி சொல்வதில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்லிவிட்டு லீவு கிடைக்காமல் போனால் அம்மா அழுவாள் என்று பயப்படுகிறாய். சொல்லாமலே இருந்துவிட்டால் யாரும் ஏமாற வேண்டியதில்லை என்று நினைக்கிறாய். ஏமாறுகிறோம் கண்ணு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏமாறுகிறோம். அதைவிட ஒரேயடியாக ஏமாறுவது எவ்வளவோ தேவலை. தள்ளிப்போனால் போகட்டும், வேறு தேதி சொல். அடுத்த வருஷம் தசராவுக்குத்தான் முடியும் என்றால் அதைச் சொல், அது போதும். அதற்குள் அம்மா ஆபரேஷனை முடித்துக்கொண்டு, நடந்து பழகி, உனக்குக் கதவு திறக்க எழுந்து வந்துவிடுவாள். இடையில் நாங்கள் ஹனூர் நோம்பிக்கும் போய்விட்டு வருவோம், வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு. மணி அடித்தால் அது கேஸ்காரப் பையன் என்று தெரிந்து நிதானமாகப் போய்த் திறப்போம்.

உன்னிடம் வருகிற அந்தப் பிள்ளைகளுக்கு நீ எதிர்பாராமல் கொடு. எப்போது வரும் என்று தெரியாமல் அவர்கள் பெட்டியைத் தொடட்டும், துள்ளட்டும், கற்றுக்கொண்டு எங்கேயாவது தூரமாகப் போகட்டும். அந்த வயதுக்கு அது சரி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த உனக்கு முன்னால் எத்தனையோ சனிக்கிழமைகள் இருந்தன. ஒன்றில் நான் வராவிட்டால் இன்னொன்றில் வருவேன். எங்களுக்கு அப்படியில்லை. நாங்கள் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டாம். உன் மேல் ஆசையாக இருப்பது எப்படி என்று யாரும் எங்களுக்குப் பரிசு வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இதைப் போனில் சொல்ல ஒரு நாளும் வாய் வந்ததில்லை, எப்போதும் மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்றே கேட்டு வைத்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. முழுக்க எதிர்பார்த்தது அப்படியே வந்தால் மூளை துள்ளாது என்று சொன்னாய். உன் படிப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ எங்களை அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துப் பார்த்ததில்லை. வருகிற நாளைச் சொல், விமானத்தின் நேரத்தைச் சொல், எந்தப் பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குகிறாய் என்பதையும் சொல். நாங்கள் காலண்டரில் வட்டம் போட்டு, நாள் நாளாகக் கிழித்து, அந்த மணி வரைக்கும் முழுக்க முழுக்க எதிர்பார்த்துக்கொண்டிருப்போம். தெருமுனைப் புங்க மரத்தடியில், அந்தப் பெஞ்சில், நான் உட்கார்ந்திருப்பேன். நீ இறங்கி என்னைப் பார். துள்ளுகிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு, அப்புறம் போய் உன் மாணவர்களுக்குச் சொல்.